மஞ்சள் கசெட்

எங்கள் வீட்டு ரிவி கேமுக்கு ஒரே ஒரு மஞ்சள் கசெட். அதில் 9999999 விளையாட்டுகள் என்று லேபல் ஒட்டியிருந்தது. உண்மையில் நாலைந்துதான், அவையே வேறு வேறு இலக்கத்தில் திரும்பத் திரும்ப வரும். படம் வராவிட்டால் கழற்றி, அடியில் ஊதிச் செருகவேண்டும்.

அந்த ரிவி கேமின் பூர்வீகம் ஜப்பானின் கியோட்டோ. 1983 ஜூலையில் நின்டெண்டோ 14,800 யென்னுக்கு ஃபமிகொம் என்ற கருவியைச் சந்தைக்கு விட்டது. காசு கசெட்டில்தான் இருந்தது. ஆனால் அத்தனை விளையாட்டையும் ஒரே கொம்பனி செய்து முடிக்க ஏலாது. அடுத்த வருடமே ஹட்சன், நம்கோ போன்ற வெளியாருக்கு உரிமம் கொடுத்துப் பங்கு வாங்கத் தொடங்கியது.

அமெரிக்காவில் அப்போது அட்டாரியின் சந்தை சரிந்து கிடந்தது. யாரும் செய்து விற்கலாம் என்றிருந்ததில் கடைகளெல்லாம் குப்பை. அதைப் பார்த்த நின்டெண்டோ 1985இல் அங்கே பூட்டோடுதான் போனது. கருவியில் ஒரு சிப், கசெட்டில் அதன் சோடி. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கருவி விநாடிக்கொரு தரம் முதலிலிருந்து தொடங்கும். சோடிச் சிப் நின்டெண்டோவிடம் மட்டும். உரிமம் எடுத்தவர் வருடத்துக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் வெளியிடக்கூடாது, அதை இரண்டு வருடம் வேறு கருவிக்குக் கொடுக்கக்கூடாது, கசெட்டை நின்டெண்டோதான் செய்துதரும், காசு முற்பணம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பாஸ் எடுத்துப் பயணம் போன எங்களுக்கு இது விளங்காத சங்கதியா? அங்கேயும் சுற்றுவழி கண்டார்கள். கொனாமி ‘அல்ட்ரா’ என்று இன்னொரு கொம்பனி திறந்து மேலும் ஐந்து வாங்கிக்கொண்டது. அட்டாரி கேம்ஸ் பூட்டையே உடைத்து, வழக்கில் மாட்டியது.

ஜப்பானிய ஃபமிகொமிலோ பூட்டே கிடையாது. தாய்வான்காரரும் ஹொங்கொங்குக்காரரும் அந்த வாசலால் புகுந்தார்கள். அதே 60 முனைக் கசெட் பொருந்தும் மலிவுக் கருவிகள் உலகெங்கும் கிளம்பின.

எங்கள் யாழ் குடாநாட்டுக்கு அந்தக் கருவி பிந்தித்தான் வந்தது. போரால் 1990க்குப் பிறகு பல வருடம் கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்ட வீடு எங்களுடையது. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததும் மாமா கொழும்பு புறக்கோட்டையில் அப்படி ஒரு பெட்டி வாங்கினார். ஓமந்தை, முகமாலை சோதனைச்சாவடிகளில் அதைத் திறந்து காட்டி, வன்னியில் புலிகளின் சுங்கத்துக்கு வரியும் கட்டிக் கொண்டுவந்து சேர்த்தார். வழியில் கட்டவேண்டியதெல்லாம் கட்டியாயிற்று. கியோட்டோவுக்கு மட்டும் ஒரு சதம் போகவில்லை.

தம்பியும் நானும் விடாமல் ஆடியது கொன்ட்ரா. முதல் திரையின் அடியில், செய்தவர் பெயர் வரவேண்டிய இடம் வெறும் கறுப்பு. கள்ளப்பிரதி எடுத்தவர்கள் துடைத்துவிட்டிருந்தார்கள். அது கொனாமியின் இடம் என்பது பல வருடம் கழித்து ரொறொன்ரோவில், மச்சான் வைத்திருந்த சாம்பல் நிறக் கசெட்டைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஊருக்குக் கொண்டுபோகட்டா என்று கேட்டேன். சிரித்தான். அதற்கு 72 முனை. எங்கள் பெட்டிக்குள் போகாது.