வாசலில் ஒரு பேர், ரிஜிஸ்டரில் ஒரு பேர்

ஸ்ரீராம்புரத்துச் சந்து ஒன்றில் நின்று "முனி" என்று குரல் கொடுத்தால் நாலு பேர் திரும்பிப் பார்த்த காலம் உண்டு. ஒருவர் முனுசாமி, ஒருவர் முனியப்பா, ஒருவர் முனிரத்னம், இன்னொருவர் முனிராஜு. ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் கன்னடம், எதிர்வீட்டில் தெலுங்கு. கூப்பிடும்போது மட்டும் எல்லாருக்கும் அதே இரண்டெழுத்து.

பெங்களூரில் 1898ல் பிளேக் பரவிய பிறகு, காற்றோட்டமான அகலத் தெருக்களோடு உருவானது மல்லேஸ்வரம். அதை ஒட்டி, ரயில் பாதையின் பக்கத்தில் நெருங்கி வளர்ந்த உழைப்பாளிகளின் பேட்டை ஸ்ரீராம்புரம். மெட்ரோ ரயிலில் இது 'ஸ்ரீராம்புரா'. தமிழ் வாயில் எப்போதும் மகர ஒற்றோடுதான் முடியும். 1884ல் தொடங்கி பின்னாளில் பின்னி மில் என்று பேரெடுத்த ஆலை, ராஜா மில், மினர்வா மில் ஆகியவை இந்தப் பக்கத்து அடுப்புகளை எரிய வைத்தன. 1980ல் உச்ச நீதிமன்றம் அளித்த மினர்வா மில்ஸ் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அந்த மினர்வா இதுதான். ராஜா மில் இருந்த இடத்தில் இப்போது மந்திரி மால் நிற்கிறது.

வட ஆற்காடு, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள் துணிமூட்டையோடு குலசாமியையும் கொண்டு வந்தார்கள். மாரியம்மன் வந்தாள், பிள்ளைகளுக்கு மாரி, மாரிமுத்து என்று பேர் வந்தது. முனீஸ்வரன் விஷயத்தில் கதை கொஞ்சம் வேறு. அவர் இங்கே ஏற்கெனவே குடியிருந்தார். மரத்தடியில், ஏரிக்கரையில், ஊர் எல்லையில் காவல் நிற்கும் முனேஸ்வரா, பெங்களூரின் பழைய கிராமங்கள் அத்தனைக்கும் தெரிந்த சாமி. ஆற்காட்டு முனியும் பெங்களூர் முனியும் ஒரே மரத்தடியில் ஒண்டிக்கொண்டதில் யாருக்கும் சங்கடமில்லை. 1994 சட்டமன்றத் தேர்தலில் ஸ்ரீராம்புரத்தை உள்ளடக்கிய காந்திநகர் தொகுதியில் அ.தி.மு.க. வென்றது. கர்நாடகத்தில் இரட்டை இலையில் ஜெயித்தவர் பேர், பொருத்தமாக, பி. முனியப்பா.

ஆண்பிள்ளைக்குச் சின்னதாகப் பேர் வைப்பது இந்தக் காலத்து நாகரிகம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பழைய பேட்டைகளைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. சின்னப் பேர் எப்போதுமே இருந்தது. அது வாசலில் புழங்கியது, ரிஜிஸ்டரில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

காரணம் வீட்டுக்குள் இருந்தது. தீட்டுக் கழிக்கிற நாளில் – சிலருக்கு 11, சிலருக்கு 16, சிலருக்கு 30 – அம்மாவின் பழைய புடவையில் தூளி கட்டுவார்கள். அத்தை பிள்ளையை மடியில் கிடத்தி, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, காதோரம் குனிந்து மூன்று தடவை பேரைச் சொல்லுவாள். தலைப்பிள்ளை என்றால் அப்பாவைப் பெற்றவர் பேர். அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பேர். பேரைத் தாங்குகிறவன் பேரன். இதுவரை சிக்கல் இல்லை. மறுநாள் காலையில்தான் சிக்கல் ஆரம்பிக்கும்.

மருமகள் மாமனார் பேரைச் சொல்லக் கூடாது. சில வீடுகளில் அந்தப் பேரின் சாயலுள்ள சொல்லைக்கூடச் சொல்லமாட்டார்கள். மாமனார் குப்புசாமி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது, "டேய் குப்புசாமி, எங்கடா போய்த் தொலைஞ்சே" என்று அவள் எப்படிக் கத்துவாள்? பிள்ளையைத் திட்டவும் கொஞ்சவும் அவளுக்குத் தனியாக ஒரு பேர் வேண்டும். அப்படிப் பிறந்தவைதான் ராஜா, மணி, கண்ணா, தம்பி, குட்டி, பாபு, சின்னா. பள்ளிக்கூடத்தில் குப்புசாமி, வீட்டில் மணி. கல்யாணப் பத்திரிகை வந்த பிறகுதான் அண்டை வீட்டுக்காரர்களுக்கு மணியின் நிஜப் பேர் தெரியும் என்பது இந்தப் பேட்டைகளில் சாதாரணம்.

இதில் 'சின்னா' ஒரு விசேஷம். தமிழ் அம்மாவுக்கு அவன் சிறியவன். கன்னடப் பக்கத்து வீட்டம்மாவுக்கோ அவன் தங்கம், ஏனென்றால் கன்னடத்தில் சின்ன என்றால் பொன். ஒரே பையனை இரண்டு பேரும் ஒரே பேரால் வேறு வேறு அர்த்தத்தில் கொஞ்சலாம். கிரிக்கெட் மைதானத்துச் சின்னசாமி எந்தச் சின்ன என்பதை அவரவர் காது முடிவு செய்யட்டும். கன்னடத்தில் சிறியவனுக்கு 'புட்ட' என்ற சொல் தனியே இருக்கிறது. நடிகர் ராஜ்குமாரின் இயற்பெயர் முத்துராஜு. அப்பா பேர் புட்டசுவாமையா, அதாவது நம்மூர்ச் சின்னசாமி ஐயா. ராஜ்குமார் பிறந்த காஜனூர் இன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது.

கொஞ்சலுக்கு வைத்த பேர்கள் இவை. பயத்தில் வைத்த சின்னப் பேர்களும் இருந்தன.

பிறக்கிற பிள்ளையெல்லாம் தக்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறந்ததை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். உறவுக்காரி ஒருத்தி 'யாரோ போட்டுட்டுப் போன புள்ள' என்று எடுத்து வருவாள். பெற்றவளே அவளுக்கு ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையை 'வாங்கி'க்கொள்வாள். எமனுக்கு வேண்டாத சரக்கு என்று காட்டுவதற்கான நாடகம் இது. அந்தப் பையன் குப்பன், அல்லது தவிடன். மூக்குக் குத்தி விட்டால் மூக்கன். பிச்சையெடுத்த காசில் காப்பு வாங்கிப் போட்டால் பிச்சை. கன்னடத்தில் குப்பைமேடு திப்பெ. அங்கே பையன் திப்பய்யா, திப்பா. தெலுங்கில் பெண்ட்டய்யா. மூன்று மொழியிலும் ஒரே பயம், ஒரே குப்பைமேடு. குழந்தைச் சாவு குறையக் குறைய இந்தப் பேர்களும் குறைந்தன. பேர்ப் பட்டியலிலிருந்து குப்பன் மறைந்ததில் தடுப்பூசிக்கும் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் பங்குண்டு என்று தாராளமாகச் சொல்லலாம். பிச்சை மட்டும் தப்பித்து, மதுரையில் பிறந்த ஒருவரின் அப்பா பேராகக் கலிஃபோர்னியா போய், கூகுள் நிறுவனத்தின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தது.

இன்னொரு சின்னப் பேரும் உண்டு. அது கொஞ்சலும் இல்லை, பயமும் இல்லை, அதிகாரம். சேரியில் பிறந்தவன் முனுசாமி என்று பேர் வைத்துக்கொண்டாலும், பண்ணை வீட்டுச் சிறுவன்கூட அவனை 'முனியா' என்றுதான் கூப்பிடுவான். 'சாமி' என்ற இரண்டெழுத்து அவனுக்கு அதிகம் என்பது ஊரின் தீர்ப்பு. கருப்பன், மாடன், சின்னான் என்று தலைமுறை தலைமுறையாக வெட்டிச் சுருக்கப்பட்ட பேர்களில் எத்தனை பெற்றோர் வைத்தவை, எத்தனை ஊர் வைத்தவை என்று பிரித்துச் சொல்வது கடினம். கிராமத்தை விட்டு மில்லுக்கும் கோலார் தங்க வயலுக்கும் ஓடி வந்ததில் கூலி மட்டுமா லாபம்? முழுப் பேரும் லாபம். தங்க வயலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அயோத்திதாசரின் சாக்கிய பௌத்தம் வேரூன்றியது. காத்தவராயன் என்று பிறந்து, ஆசிரியரின் பேரைத் தன் பேராக ஏற்றவர் அவர். பேரை மாற்றினால் ஆளும் நிமிர்வான் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

கிறிஸ்தவத் தமிழர் வீட்டிலும் குறும்பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஜோசப் சூசை ஆனார், சேவியர் சவரி ஆனார், இக்னேஷியஸ் இன்னாசி ஆனார். பால் என்ற பேருக்கு லத்தீனில் சிறியவர் என்று பொருள். அதையே தமிழாக்கிச் சின்னப்பர் என்றார்கள். சுற்றிச் சுற்றி மறுபடி சின்னாவிடமே வந்து நிற்கிறோம்.

மிகப் பழைய தமிழ்ப் பேர்களும் சுருக்கமானவைதான். கீழடியில் கிடைத்த பானையோடுகளில் ஆதன், குவிரன் என்ற பேர்கள் இருக்கின்றன. செங்கடல் கரையில், எகிப்தின் குசேர் அல்-காதிம் துறைமுகத்தில் கிடைத்த ஓடுகளில் தமிழ் பிராமியில் கணன், சாதன் என்று எழுதியிருக்கிறது. நம் கண்ணனும் சாத்தனும். கடையெழு வள்ளல்களை எண்ணிப் பாருங்கள்: பாரி, ஓரி, காரி, ஆய், நள்ளி, பேகன், அஞ்சி. ஆய் என்பவருக்கு இரண்டே எழுத்து, அதிலும் ஒன்று ஒற்று. காரி என்றால் கருமை. அவனுடைய குதிரைக்கும் அதே பேர். ஆதனின் தந்தை 'ஆந்தை' ஆவதற்குத் தொல்காப்பியமே விதி எழுதி வைத்திருக்கிறது; பிசிராந்தையார் அப்படி வந்த ஆந்தைதான். உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டு சொல்ல எப்போதும் அழைத்து வந்தது சாத்தனையும் கொற்றனையும். சோழர் கல்வெட்டுகளில் வரும் பேர்களையெல்லாம் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுய் மூவரும் திரட்டி 1978ல் தொகுதிகளாக வெளியிட்டார்கள். ஆண்பிள்ளைக்குப் பேர் தேடுகிறவர்கள் பேர்ப் புத்தகத்தை விட்டுவிட்டு அதைப் புரட்டலாம்.

நிறத்தைப் பேராக்குவது இரண்டு மொழிக்கும் பொது. செந்நிறத்தான் தமிழில் சேந்தன். திவாகர நிகண்டோடு ஒட்டி வழங்கும் வள்ளல் பேர் அது. கன்னடத்தில் சிவப்பு கெம்பு, அதிலிருந்து கெம்பா. 1537ல் பெங்களூருக்கு மண்கோட்டை கட்டியவரைக் கெம்பே கவுடா என்கிறோம்.

பழைய குறும்பெயர்களுக்கு மறுபிறவி கொடுத்தது அரசியல். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பேருக்குப் பின்னால் சாதியை ஒட்டுவதைக் கைவிடச் சொன்னது. அந்த வால் போனதும் பேர் தானாகவே குறுகியது. அடுத்து தனித்தமிழ் அலை வந்தது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார், தியாகராஜ சுந்தரம் மாறன் ஆனார். மேடைக்கு நெடிய பேர் கம்பீரம். வீட்டில் அதுவும் செழியா, அன்பு என்று நறுக்கப்பட்டது. 1953 மார்ச் 1 அன்று பிறந்த மகனுக்குக் கருணாநிதி ஸ்டாலின் என்று பேரிட்டதும் இதே காற்றில்தான். சோவியத் தலைவர் அதே வாரத்தில் இறந்தார். கழகக் கொடி பறந்த ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் மாறனும் அன்பும் வேலுவும் கூடவே வளர்ந்தார்கள்.

பிறகு ரமேஷ், சுரேஷ், சதீஷ், தினேஷ் என்று ஒரு தலைமுறை போனது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இந்தியா முழுக்க அதே கதை.

1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். தமிழ்ச்செல்வன் என்ற பேர் அந்த நாட்களில் முகவரியாக மாறியிருக்கும். குமார் என்ற பேர் யாருக்கும் எதையும் காட்டிக் கொடுக்காது. குமார், அருண், கார்த்திக், மணி போன்ற பேர்கள் இங்கே பிரபலமானதற்கு அந்தப் பயமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, அவை முன்பே இருந்தன. ஆனால் இரண்டு பக்கமும் செல்லுபடியாகிற பேரில் ஒரு சௌகரியம் இருக்கிறது என்பதை எல்லை ஊர்க்காரர்கள் எல்லாரும் அறிவார்கள்.

சினிமாவும் அந்தச் சௌகரியத்துக்கு உதவியது. பெங்களூர் பஸ் கண்டக்டர் சிவாஜி ராவுக்கு கே. பாலசந்தர் தன் பழைய படத்துப் பாத்திரத்தின் பேரைக் கொடுக்க, ரசிகர்கள் அதை மூன்றெழுத்தாக்கி ரஜினி என்றார்கள். 1989ல் 'அபூர்வ சகோதரர்கள்' வந்தபோது தமிழ்நாட்டுக்கு அப்பு என்றால் கமல். 2002க்குப் பிறகு கர்நாடகத்துக்கு அப்பு என்றால் புனித் ராஜ்குமார். அவர் சென்னையில் லோகித் என்ற பேரோடு பிறந்தவர். ஸ்ரீராம்புரத்து அப்பு எந்த அப்பு என்று கேட்டால் வயதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர் காதில் விழுந்தால் குழப்பம் இன்னும் கூடும். அங்கே அப்பு என்பது வயசாளி.

இப்போதைய பெற்றோர் முதலில் பார்ப்பது நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தை. அசுவினி என்றால் சு, சே, சோ, ல. ரோகிணி என்றால் ஒ, வ, வி, வு. அதற்குள் அடங்க வேண்டும், ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்தைத் தாண்டக் கூடாது, வெளிநாட்டுக்காரன் வாயிலும் நுழைய வேண்டும். ஆரவ், துருவ், ரிஷி, யாஷ் என்று வருவது இப்படித்தான். தமிழில் வேண்டும் என்கிறவர்கள் கவின், கதிர், முகில், எழில், இனியன், பாரி பக்கம் போகிறார்கள். ஸ்ரீராம்புரத்தில் இவற்றுக்குள் மேடு பள்ளம் உண்டு. முகிலைக் கன்னட டீச்சர் உடனே புரிந்துகொள்வார்; அவர் மொழியில் அது முகிலு. கதிரும் அங்கே கதிருதான். எழில் மட்டும் மாட்டிக்கொள்வான். ழகரம் பழைய கன்னடத்தில் இருந்தது, பிறகு வழக்கொழிந்தது. ஆகவே வருகைப் பதிவேட்டில் அவன் 'எளில்' ஆவதைத் தடுக்க வழியில்லை.

பிறப்புச் சான்றிதழ் வந்த பிறகும் வாசல் பேர் முற்றிலும் தோற்றுவிடவில்லை. 1969ம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், பேர் எழுதாமலே பிறப்பைப் பதிய அனுமதிக்கிறது. 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பேரைச் சேர்க்கலாம். அதற்குப் பின், தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை அவகாசம் உண்டு. ஜோசியர் ஓர் எழுத்துச் சொல்ல, தாத்தா ஒரு பேர் சொல்ல, அப்பா இன்னொன்று சொல்ல, அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்குச் சான்று அந்தக் காகிதம் என்றாகிவிட்டது. அட்மிஷன் நேரத்தில் அலுவலகத்துக்கு ஓடிப் போய்ப் படிவத்தை நிரப்பும்போது, மூன்று வருடமாக முகில், அப்பு என்று கூப்பிட்டதற்கே திரும்பிப் பார்த்துப் பழகிய பையனுக்குப் புதுப் பேரைக் கற்றுக்கொடுக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. கூப்பிட்ட பேரையே எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். தாத்தாவின் பேர் இனிஷியலுக்குக்கூட வருவதில்லை. அது அப்பாவின் எழுத்து.