பார்டர்டவுன்

மனித உலகுக்கும் எல்ஃப்களின் மாய உலகுக்கும் நடுவே இருக்கும் கற்பனை நகரம். அதைக் களமாகக் கொண்ட அமெரிக்க இளையோர் மிகுபுனைவு வரிசையும் இப்பெயராலேயே அறியப்படுகிறது. நகரத்தை வகுத்துக் கொடுத்தவர் பதிப்பாசிரியர் டெர்ரி விண்ட்லிங். கதைகளை எழுதியவர்கள் பலர். விண்ட்லிங்கும் மார்க் ஆலன் ஆர்னால்டும் தொகுத்த ‘பார்டர்லேண்ட்’ 1986இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ‘பார்டர்டவுன்’, 1991இல் ‘லைஃப் ஆன் த பார்டர்’ ஆகிய தொகுதிகள் தொடர்ந்தன.

ஸ்காட்லாந்தின் டாம் லின் போன்ற பழைய கதைப்பாடல்களில் மாயக்குலத்தார் மனிதரைப் பிடித்துச் செல்வார்கள். இங்கே பிள்ளைகள் தாங்களாகவே வீட்டை விட்டு ஓடி வருகிறார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து எல்ஃப் இளைஞர்களும் அப்படியே ஓடி வருகிறார்கள். இரு தரப்பாரும் நகரின் சோஹோ என்ற பகுதியில் உள்ள பாழடைந்த கட்டடங்களில் குடியேறி, இசைக்குழு நடத்தி, கும்பல் சேர்ந்து மோதுகிறார்கள். மனிதக் கும்பலுக்குப் பேக் என்றும் எல்ஃப் கும்பலுக்குப் பிளட்ஸ் என்றும் பெயர். இருகுலக் கலப்பில் பிறந்தவர்களை இரு தரப்பும் இளக்காரமாகவே பார்க்கின்றன. இந்நகரில் மந்திரத்தையும் நம்ப முடியாது, இயந்திரத்தையும் நம்ப முடியாது. மோட்டார் சைக்கிள் மந்திரப்பெட்டியின் துணையால் ஓடும். திடீரென்று நின்றும் போகும். மாய உலகிலிருந்து வரும் மேட் நதியின் நீரைக் குடித்த மனிதர் அதற்கு அடிமையாகிவிடுவார்.

மனிதர் எல்லையைக் கடக்கவே முடியாது என்ற விதிதான் இவ்வரிசையின் உயிர்நாடி. கனவைத் தேடி வந்தவர்கள் அதன் வாசலிலேயே வாழப் பழக வேண்டியிருக்கிறது. வில் ஷெட்டர்லியின் ‘எல்ஸ்வேர்’ (1991) நாவலில் அண்ணனைத் தேடி வரும் ரான் ஒரு புத்தகக் கடையில் ஒண்டிக்கொள்கிறான். எம்மா புல்லின் ‘ஃபைண்டர்’ (1994) இந்த ஏக்கத்தின் அடியாழம் வரை போகிறது. மனிதரை எல்ஃபாக மாற்றுவதாகச் சொல்லி ஒரு போதைப்பொருள் தெருவில் விற்கப்படுகிறது. அப்பால் போகும் ஆசையில் அதை வாங்கிய இளையோர் உயிரை இழக்கிறார்கள். வரிசையிலேயே ஆகச் சிறந்த நாவல் இதுதான்.

1998இல் வந்த ‘த எசென்ஷியல் பார்டர்டவுன்’ தொகுதிக்குப் பிறகு நீண்ட இடைவெளி. 2011இல் ஹாலி பிளாக்கும் எலன் குஷ்னரும் தொகுத்த ‘வெல்கம் டு பார்டர்டவுன்’ வெளியானது. மாய உலகில் காலம் வேறு கதியில் ஓடும் என்ற தொன்நம்பிக்கையைக் கொண்டு, அந்த இடைவெளியையே இத்தொகுதி கதையாக்கியது: வெளியுலகில் 13 ஆண்டுகள் வழி அடைபட்டிருக்க, நகரத்தில் கழிந்தவை 13 நாட்களே. புதிதாக ஓடி வந்த பிள்ளைகள் இணையத்தோடு வளர்ந்தவர்கள்; நகரத்தாருக்கோ அவர்கள் பேச்சில் பாதி விளங்கவில்லை. நீல் கெய்மன், கோரி டாக்டரோ, நேலோ ஹாப்கின்சன் ஆகியோரும் இத்தொகுதியில் எழுதியுள்ளனர்.