தேய்ப்புச் சவர்க்காரம்: மட்டக்களப்பு வாவிக்கரையின் வீட்டுச் செய்முறை

தேய்ப்புச் சவர்க்காரம் என்பது தோலில் உதிரும் நிலையிலுள்ள செதில்களை உரசி எடுக்கவல்ல கரகரப்பான தூள் ஒன்றைக் கலந்து வார்த்த குளியற்கட்டி. அழகுப் பண்டக் கடைகளில் இது விலைகூடிய சரக்கு. ஆனால் இதற்கு வேண்டியவற்றில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் சாதாரணக் குசினியிலேயே கிடைக்கும். அந்த ஒன்று சோடியம் ஐதரொட்சைட்டு, பேச்சு வழக்கில் கொஸ்ரிக் சோடா. அது இல்லாமல் எண்ணெய் சவர்க்காரம் ஆகாது. "காரம் சேர்க்காத வீட்டுச் சவர்க்காரம்" என்று சொல்லப்படுவது வேறொருவர் காரம் சேர்த்துச் செய்த கட்டியை உருக்கி வார்த்ததே.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் அதன் முகத்துவாரங்கள் கடலுக்குத் திறக்கின்றன. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி எனத் தொடரும் இந்த ஊர்களில் தென்னை நன்றாக வளரும். வாவிக்கு மேற்கே படுவான்கரை. அங்கே நெல் வயலும் மாடும் எருமையும். ஆக, எண்ணெய் ஒரு கரையிலும் தவிடும் தயிரும் தேனும் மறு கரையிலுமாக மூலப்பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இந்தச் செய்முறையை இந்த மண்ணுக்கு உரியதாக்குவது அவற்றைவிடக் கிணற்றுத் தண்ணீர்தான்.

எழுவான்கரை மணலில் மழைநீர் இறங்கி, கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கிணறுகள் எட்டுவது அந்தப் படையைத்தான். கோடையில் படை மெலியும்போது, அல்லது மோட்டார் வைத்து அதிகம் இறைக்கும்போது, அடியிலுள்ள உவர்ப்பு மேலேறும். 2004 டிசம்பர் 26 கடல்கோளில் கரையோரக் கிணறுகளுக்குள் கடலே நேரடியாகப் புகுந்தது. துப்புரவு செய்வதற்காகத் திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகள் சிலவற்றில் உவர்ப்பு குறைவதற்குப் பதில் கூடியதும் உண்டு. இப்படிப்பட்ட தண்ணீரில் பல சவர்க்காரங்கள் நுரைக்காது. உப்பு அதிகமுள்ள நீரில் நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்களின் சவர்க்காரம் கரையாமல் திரிந்து பிரிந்துவிடும். ஆலைகளில் கிளிசரினிலிருந்து சவர்க்காரத்தைப் பிரிக்க உப்பைக் கொட்டுவது இதே காரணத்தால்தான். தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ பாதி லோரிக் அமிலம். அதன் சங்கிலியில் 12 காபன் அணுக்களே இருப்பதால் அதன் சவர்க்காரம் உவர்நீரிலும் கரைந்து நுரைக்கும். கப்பலோட்டிகள் கடல்நீரில் குளிக்கத் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தைக் கொண்டுபோனது இதனால்தான். உவர்ப்பும் கடினத்தன்மையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்சியம், மகனீசியம் மிகுந்த நீரில் தேங்காய்ச் சவர்க்காரமும் வெள்ளைப் பிசுக்கைப் படியவிடும்.

கட்டிக்கு முந்திய தேய்ப்பு

உடம்பைத் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் சவர்க்காரத்தைவிட மிகப் பழையது. எண்ணெய் வைத்து முழுகும் நாளில் பயற்றம் மா எண்ணெயை உறிஞ்சி எடுக்கும். அதன் நொய் தோலை உரசும். சீயாக்காயிலும் இலுப்பைப் பிண்ணாக்கிலும் உள்ள சப்போனின் இலேசாக நுரைக்கும். பீர்க்கங்காய் முற்றிக் காய்ந்தால் நார். தேங்காய் உரித்தால் பொச்சு. இவை எல்லாம் ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனித்தனியாகச் செய்தவை. கட்டிச் சவர்க்காரம் காலனிக் காலத்துச் சரக்கு. இங்கிலாந்தில் 1884இல் வில்லியம் லீவர் அறிமுகப்படுத்திய சன்லைட், விலங்குக் கொழுப்போடு தாவர எண்ணெய்களையும் சேர்த்ததால் பெயர் பெற்றது. இலங்கைத் தேங்காய் எண்ணெய் பிரித்தானியச் சவர்க்கார, மெழுகுவர்த்தி ஆலைகளுக்குக் கப்பலேறியது. திரும்பி வரும்போது தாளில் சுற்றிய கட்டியாக வந்தது. லீவர் பிறதர்ஸ் 1938இலும் சுதேசி நிறுவனம் 1941இலும் இலங்கையில் தொடங்கின. சுதேசியின் ராணி சந்தனக் கட்டியும் வேம்பு சேர்ந்த கொஹொம்பக் கட்டியும் பல வீடுகளில் இன்றும் உண்டு.

சவர்க்காரம் கிடைக்காத காலங்களும் இருந்தன. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கில் பொருளாதாரத் தடை இறுகியபோது யாழ்ப்பாணத்தில் பனம்பழத்தைப் பிசைந்து துணி துவைத்தார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் சவர்க்காரம் கடையில் இருந்தது, விலைதான் எட்டாமல் ஏறியது. வீட்டில் செய்தால் மலிவு என்ற எண்ணம் அப்போது பலருக்கு வந்தது. அது பாதிதான் சரி. 2024 இறுதியில் ஒரு தேங்காயே 200 ரூபாய் அளவுக்குப் போனபோது, வீட்டுக் கட்டி ஆலைக் கட்டியைவிட மலிவாக இருக்க வழியில்லை. சொந்தத் தென்னை உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு.

காரமும் கணக்கும்

எண்ணெயிலுள்ள கொழுப்பைக் காரம் உடைத்துச் சவர்க்காரமும் கிளிசரினும் ஆக்குகிறது. இலங்கையில் உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளைக்கு இது பாடமே. ஒவ்வொரு எண்ணெய்க்கும் வேண்டிய கார அளவு வேறு. 1 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டு, நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ 0.133, ஆமணக்கெண்ணெய்க்கு 0.128. இந்த முழு அளவையும் போட்டால் எண்ணெய் மிச்சமின்றித் தீர்ந்துவிடும்; கட்டி தோலை வறட்டும். தேங்காய் எண்ணெயின் பலமே இங்கு குறையாகிறது. அழுக்கோடு தோலின் இயல்பான நெய்யையும் அது உருவிவிடும். ஆகவே 10 சதவீதமாவது காரத்தைக் குறைப்பது நல்லது. முழுக்கத் தேங்காய் எண்ணெய் என்றால் 15 முதல் 20 சதவீதம் வரை குறைக்கலாம்.

350 கிராம் தேங்காய் எண்ணெய், 100 கிராம் நல்லெண்ணெய், 50 கிராம் ஆமணக்கெண்ணெய் என்று எடுத்தால் முழுக் கார அளவு ஏறத்தாழ 84 கிராம். 10 சதவீதம் கழித்து 75 கிராம் போதும். தண்ணீர் 165 கிராம். கிணற்று நீரைத் தவிர்த்து, கொதிக்கவைத்து ஆறிய மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ எடுப்பது நல்லது. எண்ணெயையும் தராசில்தான் நிறுக்க வேண்டும். கோப்பையால் அளப்பவர் சவர்க்காரத்தை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைக்கிறார். காரத்தை வாங்கும்போது, குழாய் அடைப்பு நீக்க விற்கும் தூள்களைத் தவிர்க்க வேண்டும்; அவற்றில் அலுமினியத் துகள்களும் வேறு சேர்மானங்களும் இருக்கக்கூடும்.

காரத்தைத் தண்ணீருக்குள் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைசல் தானாகவே 80 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும். அதன் ஆவியை மூச்சில் இழுக்கக் கூடாது. முற்றத்தில் காற்றோட்டமான இடம், கண்காப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் வேண்டும். அலுமினியச் சட்டி கூடவே கூடாது: காரம் அதை அரித்து ஐதரசன் வாயுவை வெளியேற்றும். துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரமும் தடித்த பிளாஸ்ரிக்கும் ஏற்றவை. மேலே பட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். தேசிக்காய்ப் புளி பிழிந்து "முறிக்க" முயல்வது புண்ணை மோசமாக்கும். கண்ணில் பட்டால் குறைந்தது 20 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கரைசலும் எண்ணெயும் 40 பாகை அளவுக்கு ஆறியபின் கலந்து கிண்டினால் கலவை மெல்லத் தடிக்கும். அகப்பையிலிருந்து வழியும் கோடு மேற்பரப்பில் சற்று நேரம் தங்கி மறையும் கூழ்ப்பதம் வந்ததும் தேய்ப்புத் தூளைச் சேர்க்கலாம். முன்னதாகச் சேர்த்தால் தூள் அடியில் இறங்கி, கட்டியின் ஒரு பக்கம் மழுமழுவென்றும் மறுபக்கம் அரத்தைப் போலவும் இருக்கும். கூழை அச்சில் ஊற்றி மூடி வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் மிகுந்த கட்டி விரைவில் இறுகும். நாளை வெட்டலாம் என்று விட்டால் கத்தி பட்ட இடத்தில் பொரிந்து உடையும்.

தூள்களின் குணம்

500 கிராம் எண்ணெய்க்கு 10 முதல் 15 கிராம் தூள் போதும். கோப்பித்தூளில் காய்ச்சி வடித்த சக்கை நல்லது. வடிக்காத தூள் கட்டியைச் சுற்றிப் பழுப்பு நிறம் விடும். பயற்றம் மா மென்மையானது. கழுத்து, கைகளுக்குப் பொருந்தும். குரக்கன் மா அதைவிடச் சற்றுக் கரகரப்பு. பால் பிழிந்த தேங்காய்ப்பூவை வெயிலில் நன்றாக உலர்த்தி இடித்துச் சேர்க்கலாம். அதில் ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நெய் இருந்தால் சிக்கு வாடை வரும். தவிட்டுக்கும் இதே ஆபத்து, இன்னும் கூடுதலாக. நெல்லைக் குற்றிய கையோடு தவிட்டிலுள்ள நொதியம் அதன் எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும். அதனால் புதுத் தவிட்டை அன்றைக்கே வறுத்து அந்த நொதியத்தைச் செயலிழக்கச் செய்ய வேண்டும்.

சீனி தேய்க்காது, கூழிலேயே கரைந்துபோகும். கொஞ்சம் போட்டால் நுரை கூடும் என்பதே அதன் பயன். தேனும் அப்படியே, கூடவே கலவையைச் சூடேற்றும். எருமைத் தயிரைத் தண்ணீரின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்ப்பவர்கள் அதைப் பனிக்கட்டியாக உறையவைத்துத்தான் சேர்க்க வேண்டும். இல்லையேல் பாற்சீனி கருகி, அமோனியா மணம் எழும். மஞ்சள் போட்டவர்கள் முதல்முறை திடுக்கிடுவார்கள், கூழ் செக்கச்சிவந்து போகும். ஆராத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்ட மஞ்சளுக்கு நேர்வதே இதற்கும் நேர்கிறது. கட்டி முதிர முதிரச் சிவப்பு மங்கும். கறுவாத்தூளைத் தவிர்ப்பதே நல்லது, பலருக்குத் தோல் எரியும். சிரட்டைத் தூளின் விளிம்புகள் கூரானவை. துணியில் சலித்த மாவைக் காலுக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

உப்புக்குத் தனியிடம் உண்டு. எண்ணெயின் எடையில் பாதிக்குக் குறையாமல் தூளுப்புச் சேர்த்து வார்க்கும் கட்டியில் இங்கே சொன்ன எண்ணெய்களில் தேங்காய் எண்ணெயைத் தவிர வேறு எதுவும் நுரைக்காது. உவர்க் கிணற்றில் நடக்கும் அதே கதை கட்டிக்குள்ளேயே நடக்கிறது. அது சில மணி நேரத்தில் கல்லாகிவிடும் என்பதால் தனித்தனி அச்சுகளில் ஊற்றுவதே வசதி. கல்லுப்பு தோலைக் கீறும்.

இவை எல்லாம் தண்ணீரில் கரையவோ மக்கவோ கூடியவை. ஆலைத் தேய்ப்புப் பண்டங்களில் நெடுங்காலம் இருந்த பிளாஸ்ரிக் மணிகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை கழிவுநீரோடு நீர்நிலைகளைச் சேர்வதால் அமெரிக்கா 2015இல் அவற்றுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. குளியல் நீர் இறுதியில் மீனும் இறாலும் வளரும் வாவியைச் சேரும் ஊர்களில் இது தூரத்துச் செய்தி ஆகாது.

முதிர்வும் பருவமும்

வெட்டிய கட்டிகள் 4 முதல் 6 வாரம் நிழலில், காற்றுப்பட, ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும். காரத்தின் பெரும்பகுதி முதல் இரண்டொரு நாளிலேயே வினைபட்டுவிடும். அதன்பின் நடப்பது ஈரம் வற்றி இறுகுதல். வீட்டுக் கட்டியில் கிளிசரின் அப்படியே இருக்கும், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாரியில் வார்த்த கட்டிகள் வியர்த்து நிற்பதற்குக் காரணம் இதுவே. கார்த்திகை, மார்கழியைத் தவிர்த்து, கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் வார்ப்பதே இந்தக் கரைக்கு ஏற்றது. தூள் சேர்ந்த கட்டியை ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

காரத்தைத் தொட விரும்பாதவர்களுக்கு வேறு வழி உண்டு. வாசனை சேராத ஒரு கட்டியைத் துருவி, 100 கிராமுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்த பாத்திரத்தில் இளக்கித் தூளைக் கலந்து அச்சில் அழுத்திவிடலாம். பார்வைக்கு முரடாக இருக்கும், வேலை செய்யும். தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப்பால் விடச் சொல்வோர் உண்டு. நமது வெக்கையில் அது கெட்டுப்போகும் பால், அவ்வளவுதான்.

எந்த முறையில் செய்தாலும் சவர்க்காரத்தின் காரத்தன்மை பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். தோலின் மேற்பரப்போ 5ஐ ஒட்டிய இலேசான அமிலம். அதனால் தேய்ப்புக் கட்டியை வாரத்தில் இரண்டொரு தடவை, முழங்கை, முழங்கால், சேற்றில் நின்று வெடித்த குதிகால் ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்வது போதுமானது. நீரிழிவு உள்ளவர்கள் காலில் இதைப் பயன்படுத்தக் கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் உரசிய புண் தெரியவராது. முகப்பரு, எக்சிமா, வெயிலில் எரிந்த தோல் ஆகியவற்றுக்கும் இது ஆகாது. குழந்தைகள் இருக்கும் வீடுகளில், கூழ்ப்பதம் வந்ததும் பாதியைத் தூள் சேர்க்காமல் வேறு அச்சில் ஊற்றி, முகத்துக்கும் பிள்ளைகளுக்கும் என்று ஒதுக்கிவிட்டு, மீதிக்குத் தூள் சேர்ப்பது வசதி.