காட்டுநீலம்: கரிக்காரர் போட்ட பாதையில் நாலு நாள்

எங்கள் ரெஸ்ரோரன்ட் குசினியில் ஒரு கரி அடுப்பு இருக்கிறது. பின்னேரம் ஐந்தரைக்கு அதை மூட்டுவது என்னுடைய வேலை. கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, பதினைந்து வருடத்தில் இந்த அடுப்புவரை வந்து சேர்ந்திருக்கிறேன். எங்கள் செஃப் சார்டினியாத் தீவுக்காரர். கிழக்குக் கரையில் பவுனேய் என்ற மலை ஊர். ஒருநாள் நான் கரிப் பையை அவிழ்த்துக் கொட்டும்போது சொன்னார்: "எங்கட மலையில பாதி இப்பிடித்தான் பையில போய்ச் சேர்ந்தது."

நான் யாழ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போய் இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன். 2006இல் பாதை பூட்டினார்கள். பிறகு படிப்பும் பூட்டுப்பட்டது. ஆனாலும் இப்படி ஒரு கதையைக் கேட்டால் விடமுடியாது. தோண்டித் தோண்டிக் கேட்டேன். அவர் கடைசியில் சலித்துப்போய், "வந்து நீயே பார்" என்றார்.

2022 ஒக்டோபரில் கடையைத் திருத்த வேலைக்காக இரண்டு கிழமை பூட்டினார்கள். செஃப்பின் அக்கா மகன் அங்கே மலை வழிகாட்டி. அவர் கூட்டிக்கொண்டு போகிற குழுவில் கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை. அந்த இடம் எனக்கு வந்தது. முழுக் காசு கட்டியிருந்தால் என் மாதச் சம்பளத்தில் பாதி போயிருக்கும். நாற்பது வயதில், நாள் முழுக்க நின்று வேலை செய்து வீங்கிய காலோடு, வாழ்க்கையில் முதல்தடவையாக "உல்லாசமாக" நடக்கப் போனேன்.

அந்தப் பாதைக்குப் பெயர் செல்வாஜ்ஜோ புளூ. தமிழில் காட்டுநீலம் என்று சொல்லலாம். ஒரோசெய் வளைகுடாவின் ஓரமாக, பேத்ரா லோங்கா என்ற கடலோரப் பாறையடியிலிருந்து காலா சிசினே என்ற கடற்கரைவரை போகிறது. ஏறத்தாழ 40 கிலோமீற்றர்தான். பாரிஸில் நான் வேலைக்குப் போய்வரும் தூரத்தோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை. ஆனால் நடக்க நாலு முதல் ஆறு நாள் வேண்டும். இத்தாலியின் மிகக் கடினமான நடைபாதை என்று பலர் சொல்கிறார்கள். வழி காட்டும் குறிகள் குறைவு. சில இடங்களில் பாறையில் கையாலும் காலாலும் ஏறவேண்டும். சில இடங்களில் கயிற்றில் தொங்கி இறங்கவேண்டும். பிரெஞ்சில் இதை ரப்பெல் என்கிறார்கள். ஆக நீளமான இறக்கம் 40 மீற்றருக்கு மேல்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பிரச்சினை தண்ணீர். அது சுண்ணாம்புக்கல் மலை. மழைத்தண்ணீர் மேலே நிற்காமல் வெடிப்புகளுக்குள்ளால் கீழே இறங்கிவிடும். யாழ்ப்பாணத்து ஆளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் மண்ணுக்குக் கீழேயும் அதே கல்தான். நிலாவரைக் கிணற்றை அடியில்லாக் கிணறு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். பவுனேய்க்காரருக்கும் ஒரு நிலாவரை உண்டு. ஊருக்கு மேலேயுள்ள கோல்கோ மேட்டில் சு ஸ்தெர்ரு என்ற குழி, சுமார் 270 மீற்றர் ஆழம். அதற்குள் கன்னிப்பெண்களைப் பலி கேட்ட ஒரு பெரும்பாம்பு இருந்ததாம், பேதுரு வந்து கொன்றாராம். இந்த வறண்ட பாதையில் நடக்கிறவர்களுக்கான தண்ணீரும் சாப்பாடும் குறித்த சில கரைகளுக்குப் படகில் வரும். எங்களுக்கு முதல் இரவு போர்த்தோ பெத்ரோசு என்ற ஒடுங்கிய குடாவில் வந்தது.

*

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

இந்தப் பாதை பழையது என்று நினைத்துக்கொண்டு போனேன். இல்லை. 1980களின் கடைசியில்தான் இது ஒரு பாதையானது. மாரியோ வேரின் என்ற மலையேறியும் பெப்பினோ சிக்காலோ என்ற சார்டினியரும் இந்தக் கரையை நாட்கணக்காகத் தேடித்தேடி நடந்து, துண்டுதுண்டாகக் கிடந்த தடங்களை ஒன்றோடொன்று தொடுத்தார்கள். அந்தப் பெயரும் அப்போது வந்ததுதான். அவர்கள் செய்தது பெரிய வேலை. ஆனால் அவர்கள் தொடுத்தது ஏற்கனவே இருந்த தடங்களை. அவற்றைப் போட்டவர்கள் யார்?

முதலாவது ஆட்கள் ஆடு மேய்த்தவர்கள். வெள்ளாடு ஏறாத இடம் கிடையாது. ஆடு போன இடத்துக்கு மேய்ப்பனும் போகவேண்டும். பாறை செங்குத்தாக வந்த இடங்களில் அவர்கள் ஜூனிப்பர் மரத்தண்டுகளைச் சாய்த்து, கொம்புக் கிளைகளைப் படியாக விட்டு, ஏணி வைத்தார்கள். ஜூனிப்பர் லேசில் உக்காது. நாங்கள் கால் வைத்து ஏறிய சில ஏணிகள் அந்த முறையில் போட்டவை. அவர்கள் தங்கிய குடிசைகளும் வழியில் நிற்கின்றன. கீழே வட்டமாகக் கல் அடுக்கி, மேலே ஜூனிப்பர் தண்டுகளைக் கூம்பாகச் சாய்த்திருப்பார்கள். பக்கத்தில் ஆட்டுப்பட்டி. செஃப்பின் தாத்தா அப்படியொரு குடிசையில் மாதக்கணக்காக இருந்தவராம். ஆட்டோடு ஒரு கிழமை யாரோடும் கதைக்காமல் இருந்துவிட்டு ஊருக்கு வந்தால் குரல் எழும்பாதாம்.

இரண்டாவது ஆட்கள் கரிக்காரர்கள். 19ஆம் நூற்றாண்டில் இத்தாலிப் பெருநிலத்துக்கு விறகும் கரியும் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டைகளும் மலைமலையாகத் தேவைப்பட்டன. சார்டினியாவின் காடுகள் விலைபோயின. தொஸ்கானாப் பகுதியிலிருந்து கரி சுடும் தொழிலாளர்கள் கப்பலில் வந்து, பருவம் முழுக்க மலையிலேயே கிடந்து வேலை செய்தார்கள். சாய்வான மலையில் ஒரு வட்டத்தைத் தட்டையாக்கிக் கல் கட்டுவார்கள். அதில் ஓக் கட்டைகளைக் குவித்து, இலையாலும் மண்ணாலும் மூடி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். காற்று கூடினால் எல்லாம் சாம்பல். குறைந்தால் நெருப்பு செத்துப்போகும். அதனால் இரவும் பகலும் பல நாட்கள் காவல் இருக்கவேண்டும். சுட்ட கரியைக் கோவேறு கழுதையில் ஏற்றிக் கரைக்கு இறக்க வேண்டும். அங்கிருந்து படகு. கழுதை நடக்க வேண்டுமே என்பதற்காக மலைச்சரிவில் கல்லடுக்கிப் பாதை போட்டார்கள். நாங்கள் சுகமாக நடந்த துண்டுகள் எல்லாம் அந்தக் கழுதைப் பாதைகள்தான். வழியில் அந்த வட்டங்கள் இன்னும் இருக்கின்றன. காலால் மேல்மண்ணைக் கிளறினேன். கறுப்பாக வந்தது. நகத்தில் ஒட்டியது. எனக்குப் பழக்கமான கறுப்பு.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு எரிவாயு வந்தது, கரித்தொழில் முடிந்தது. ஆடு மேய்ப்பும் குறைந்தது. ஆட்கள் கீழே இறங்கிப் போனார்கள். கொஞ்சப் பேர் ஜெர்மனிக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். செஃப்பின் தகப்பனும் அதில் ஒருவர். ஆட்கள் போய், காடு திரும்ப வளர்ந்து முடிய, நகரத்திலிருந்து வந்தவர்களுக்கு அது "மனிதக் கால் படாத காடு" மாதிரித் தெரிந்தது.

*

இன்னுமொரு கதை இருக்கிறது. இதை வழிகாட்டித் தம்பி இரண்டாம் இரவு சொன்னார். ஊருக்கு வந்து விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

சார்டினியாவில் பழங்காலத்திலிருந்து ஊர்ப் பொதுநிலம் என்று ஒன்று இருந்தது. யாரும் ஆடு மேய்க்கலாம், விறகு பொறுக்கலாம், ஓக் காய் பொறுக்கலாம். 1820இல் அரசர் நிலத்தை மதில்கட்டிச் சொந்தமாக்கலாம் என்று கட்டளை போட்டார். கல்லும் கூலியாளும் வைத்திருந்தவன் கட்டினான். இல்லாதவன் மதிலுக்கு வெளியே நின்றான். 1865இல் பொதுநிலத்தின் மீதான ஊராரின் உரிமையையே சட்டத்தால் ஒழித்தார்கள். அடுத்தது விற்பனை. 1868 ஏப்ரல் 26ஆம் திகதி நூவொரோ நகரத்தில் சனம் திரண்டு நகரசபைக்குள் புகுந்து, நிலம் விற்ற பத்திரங்களை எடுத்துக் கொளுத்தியது. பாஸ்கெத்தா ஸாவு என்ற ஏழை விதவையின் பெயரை இன்றும் சொல்கிறார்கள். அந்தக் கலகத்துக்குப் பெயர் சு கொன்னொத்து. எங்களுக்குத் தெரிந்த பழைய முறை என்று பொருள். அந்த முறைக்குத் திரும்புவோம் என்பதுதான் அவர்களது கோஷம்.

பவுனேயின் இந்தக் கரையோர மலையில் பெரும்பகுதி இன்றும் ஊரின் பொதுநிலம். 1962இல் தீவின் வடகிழக்கில் ஆகா கான் கூட்டாளிகளோடு நிலம் வாங்கி கோஸ்தா ஸ்மெரால்தா என்ற பணக்காரக் கரையை எழுப்பத் தொடங்கினார். பவுனேய்க் கரையில் அப்படி ஹோட்டல் எழும்பவில்லை. செங்குத்துப் பாறையும் தண்ணீர் இல்லாததும் காரணம்தான். ஆனால் நிலம் தனியார் கைக்குப் போகாததும் ஒரு காரணம். அதே 1962இல்தான் ஒரு மலைச்சரிவு கடலில் விழுந்து கோலோரிட்சே என்ற அழகான குடாவை உண்டாக்கியது. மேலே 143 மீற்றர் உயரத்தில் ஊசி மாதிரி ஒரு பாறை நிற்க, கீழே வெள்ளைக் கூழாங்கல். உலகம் தோன்றிய நாள்முதல் இருப்பதுபோல் படம் பிடித்துப் போடுகிறார்கள். என் அம்மாவை விட நாலு வயது இளைய கடற்கரை அது. இப்போது காசு கட்டி, கணக்குப்படி ஒரு நாளைக்கு 250 பேர்தான் போகலாம். இரவு தங்க ஏலாது.

"காட்டு" என்ற சொல்லும் எப்போதும் புகழ்ச்சியாக இருந்ததில்லை. 1979இல் பாடகர் பப்ரிசியோ தே ஆந்த்ரேயையும் அவரின் துணைவியையும் கடத்தி நாலு மாதம் சார்டினிய மலையில் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் இந்த மலைகள் என்றால் பெருநிலத்துக்காரருக்குக் கொள்ளைக்காரர் ஒளியும் காடு. பத்து வருடத்துக்குள் அதே மாதிரி மலைக்குக் காட்டுநீலம் என்று அழகான பெயர் வந்தது. காலா மரியோலு என்ற கரையின் பெயருக்கு அர்த்தம் கள்ளன். பொன்சாத் தீவு மீனவர் தங்கள் வலையில் மீன் எடுத்துத் தின்ற கடல்நாயை அப்படி ஏசினார்களாம். கடல்நாய் இப்போது அங்கே இல்லையென்றே சொல்லலாம். கள்ளன் என்ற பெயர் மட்டும் பலகையில் நிற்கிறது.

*

மூன்றாம் நாள் பெரிய இறக்கம். இடுப்பில் வார் கட்டி, கயிற்றைக் கொழுவி, பின்பக்கமாகச் சாயச் சொன்னார் தம்பி. காலுக்குக் கீழே வெறும் காற்றும் தூரத்தில் கடலும். என் கை கயிற்றை விடவில்லை. கூட வந்த மிலானோ எஞ்சினியர் பெண் மேலேயிருந்து, "பயப்படாதீர்கள், இது முற்றிலும் பாதுகாப்பானது" என்றார். அந்தச் சொல்லில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சாய்ந்துவிட்டேன்.

2007 ஒக்டோபரில் உக்ரைன் பக்கமிருந்து ஸ்லோவாக்கியாவுக்கு ஒரு காட்டுக்குள்ளால் மூன்று இரவு நடந்தேன். அதற்கும் ஒரு வழிகாட்டி இருந்தான். அதற்கும் காசு கட்டினோம், அம்மாவின் தாலிக்கொடி விற்ற காசு. பகலில் இலைக்குள் படுத்தோம். ஒரு சரிவில் கயிறில்லாமல் வேரைப் பிடித்து இறங்கினோம். எங்களோடு வந்த ஒரு பெடியனுக்குக் கால் பிரண்டு வீங்கியது. வழிகாட்டி நிற்கவில்லை. நாங்களும் நிற்கவில்லை. அவன் என்ன ஆனான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சார்டினியாவில் எங்கள் குழுவில் ஒருவருக்குக் கால் பிரண்டபோது தம்பி எல்லாரையும் நிறுத்தி, சுமையைப் பிரித்து, மெதுவாகக் கூட்டிப்போய், அடுத்த கரையிலிருந்து படகில் அனுப்பிவைத்தார். மற்றவர்களுக்கு அது சாதாரண விடயம். அன்றிரவு வெளியில் பையை விரித்து எல்லாரும் நட்சத்திரம் பார்த்தார்கள். நான் பற்றைக்குள் கேட்ட சத்தத்தைக் கவனித்தபடி விடியும்வரை முழித்திருந்தேன். ஆடுதான்.

அந்தப் பெண்ணிலோ மற்றவர்களிலோ எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனிதர்கள், சாப்பாட்டைப் பங்கிட்டார்கள். காசு கட்டி நடப்பதும் பிழையில்லை. அந்தக் காசில்தான் தம்பி ஜெர்மனிக்குப் போகாமல் தன் ஊரில் இருக்கிறார். எனக்கிருக்கும் சண்டை அந்தப் பெயரோடுதான். காடு என்று சொன்ன உடனே அங்கே கல் அடுக்கியவன், ஏணி சாய்த்தவன், கரிக்குக் காவலிருந்தவன் எல்லாரும் கணக்கில் இல்லாமல் போய்விடுகிறார்கள். பத்திரத்தைக் கொளுத்திய விதவை கூட இந்தப் பாதையின் கதையில் ஒரு ஓரத்தில் வரவேண்டியவள். வரலாறு என்று நான் பாதியில் விட்ட பாடத்தில் எனக்குப் பிடிபட்ட ஒரே விடயம் இதுதான்: ஒரு இடத்தில் ஆளில்லை என்று யாராவது சொன்னால், இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கவேண்டும். எங்கள் ஊர்களில் பற்றை வளர்ந்த வளவுகளைப் பார்த்து வெளியாட்கள் நாளைக்குக் காடு என்று சொல்லக்கூடும்.

திரும்பி வந்த முதல்நாள், செஃப்புக்கு என் பொக்கற்றிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக் கொடுத்தேன். அந்த வட்டமொன்றில் பொறுக்கியது, சுண்டுவிரல் அளவு. அவர் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். அடுப்புக்குள் போடப் போகிறார் என்று நினைத்தேன். உப்புப் போத்தல் வைக்கும் தட்டில் வைத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.