எல்லைக் கிராமமும் குருதிப் புற்றும்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்தால் பாறசாலை. அதற்கப்பால் களியக்காவிளையில் தமிழகம் தொடங்குகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நீங்கள் பிழைப்பை நாடி எல்லை கடந்தீர்கள். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களோ இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு அவர்களுக்கு அப்பால் விழுந்தது. அத்தகைய குடும்பத்துக் குழந்தையொன்றுக்குக் கடும் இரத்தப் புற்றுநோய் கண்டால் பிழைக்க வழியுண்டா? அவ்வழி பிறந்த வரலாற்றை இன்று காண்போம்.

1948க்கு முன்னர் இந்நோயுற்ற குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ மடிந்தனர். அவ்வாண்டு பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்பார் 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்னும் மருந்தை அளித்ததில், 10 பேருக்குக் குணம் தெரிந்தது. ஆயினும் அது நிலைக்கவில்லை. அம்மருந்தை ஆக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். அதன் இனத்ததாகிய மெத்தோடிரெக்ஸேட் இன்றும் இச்சிகிச்சையில் இடம்பெறுகிறது.

விதை நம்மவருடையது, விளைச்சலோ நமக்கு நெடுநாள் எட்டவில்லை. 1970களில் நம் நாட்டுச் சிறப்பு மையங்களிற்கூட, நோய் மீளாமல் நான்காண்டு கடந்தோர் நூற்றுக்கு 20க்கும் குறைவே. 1984 முதல் அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் ஆகிய மூன்றும் 'எம்.சி.பி. 841' என்னும் ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. இரத்தமேற்றவும் தொற்றைத் தடுக்கவும் வசதி குறைந்த இடத்தில், கடுமையான மருந்தே உயிரைப் பறித்துவிடும். ஆதலின் மருந்தைத் தாங்குமளவு வகுத்து, துணைச் சிகிச்சையையும் மேம்படுத்தினர். பிழைத்தோர் நூற்றுக்கு 45 முதல் 60 வரை உயர்ந்தனர்.

இதற்கிடையே 1981இல் திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர். பாறசாலையிலிருந்து அது 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1979 முதல் இரயிலும் உண்டு.

எனினும் தொலைவு குறைந்ததனால் மட்டும் துயர் தீராது. முதல் மாதச் சிகிச்சையிலேயே காய்ச்சல் தணிந்து குழந்தை விளையாடத் தொடங்கலாம். 'குணமாகிவிட்டது' என்று பெற்றோர் நிறுத்திவிட்டால், மறைந்திருக்கும் நோய் மீண்டும் தலையெடுக்கும். ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு மேல் மருந்து தொடர்தல் வேண்டும். இதனைத் தாய் உணர்வதற்கு, அவளுக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பார் தேவை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அரசுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தத் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு உரிமை அளித்துள்ளது. கோப்புக்கு உள்ள அவ்வுரிமை மருந்துச் சீட்டுக்கும் வேண்டுமென்பதே, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என் வேண்டுகோள்.

மும்பையிலும் தில்லியிலும் வாழும் அன்பர்களே, நோயுற்ற குழந்தையுடன் ஊரிலிருந்து எவரேனும் உங்கள் நகரத்து மருத்துவமனைக்கு வருவராயின், ஒரு நாள் உடன் செல்லுங்கள். மருத்துவர் கூறுவதைத் தமிழில் சொல்லுங்கள். அடுத்த முறை வரவேண்டிய தேதியை எழுதிக் கொடுங்கள். அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.