ஆலமரத்தின் பெயர்கள்

ஆல்: அத்தி, அரசு முதலியவற்றோடு மோரேசி குடும்பத்தைச் சார்ந்த, விழுதூன்றிப் பரவும் பெருவிருட்சம், பாரதத்தின் தேசிய மரம். இலைக்கணுக்களில் காம்பின்றி இரட்டை இரட்டையாக அமர்ந்து செந்நிறமாகக் கனியும் இதன் பழம், உண்மையில் நுண்ணிய மலர்கள் பலவற்றை உள்ளடக்கிய பூங்கொத்தேயாகும்.

வழக்குப் பெயர்கள்: வடமொழியில் வடம், நியக்ரோதம், மலையாளத்தில் பேரால், கன்னடத்தில் ஆலத மர, தெலுங்கில் மர்ரி, இந்தியில் பர்கத், சிங்களத்தில் நுக. ஆங்கிலத்தார் வழங்கும் ‘பனியன்’ என்பது, இம்மர நிழலில் கூடிய குஜராத்தி வணிகரின் குலப்பெயரினின்று பிறந்தது. இராஜபாளையத்தை அடுத்த ஆலங்குளம் தமிழ்ப் பெயரைத் தாங்கி நிற்க, அணித்தேயுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆலிலைமேல் பள்ளிகொண்ட பெருமான் வடபத்திரசாயி என வடமொழிப் பெயரால் துதிக்கப்பெறுவது, ஒரே வட்டாரத்தில் இருமொழிப் பெயர்களும் இணைந்து வாழ்வதற்குச் சிறந்த திருஷ்டாந்தம்.

சாஸ்திரப் பெயர்: வான் ரீட் என்னும் டச்சு ஆளுநர் தொகுத்து 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் நூலில், பேரால் என்னும் நாட்டு வழக்கே லத்தீன் எழுத்துகளில் பதிவாயிற்று; 1753-இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் அந்நூலையும் ஆதாரமாகக் கொண்டு, ‘ஃபைகஸ் பெங்காலென்சிஸ்’ எனப் பெயரிட்டார். கல்லால் என்னும் ஒரே பெயர் வெவ்வேறு மரங்களுக்கு வழங்கி மயக்கம் விளைவிப்பதால், மருந்துக்கும் ஆராய்ச்சிக்கும் இத்தகைய சாஸ்திரப் பெயர் இன்றியமையாதது. ஆயினும் அதற்கு வித்திட்டவை மக்கள் நாவில் வழங்கிய பெயர்களே என்பதை மறத்தல் தகாது.