வயதான பூனைக்கு கிட்னி பிரச்னை... சிகிச்சையைத் தொடரலாமா, நிறுத்தலாமா? முடிவெடுப்பது எப்படி?

14 வருஷமா வீட்டில் ஓர் ஆளாகவே வளர்ந்த பூனை. கொஞ்ச நாளாக தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறது, அடிக்கடி சிறுநீர் போகிறது, உடம்பு இளைக்கிறது. தட்டில் வைத்த மீனை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே போய்விடுகிறது. ரத்தப் பரிசோதனை செய்தால், "கிட்னி பாதிச்சிருக்கு" என்கிறார் டாக்டர்.

வீட்டில் ஒருவர், "எவ்வளவு செலவானாலும் காப்பாத்தணும்" என்கிறார். இன்னொருவர், "வயசான ஜீவனை ஏன் ஊசி குத்தி கஷ்டப்படுத்தணும்?" என்கிறார். இரண்டுமே பாசத்தில் வரும் வார்த்தைகள்தான். ஆனால், முடிவெடுக்க பாசம் மட்டும் போதாது. வேறு என்னென்ன பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதல் ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்கலாமா?

கூடாது. நாள்பட்ட சிறுநீரக நோய், வயதான பூனைகளுக்கு அதிகம் வரும் நோய்களில் ஒன்று. கெட்டுப்போன சிறுநீரகத் திசு திரும்ப வளராது. மருந்துகளால் நோயின் வேகத்தைக் குறைக்கலாம், அவதியைக் குறைக்கலாம். முழுசா குணமாக்க முடியாது.

இந்த நோயை 'ஐரிஸ்' என்ற சர்வதேச கால்நடை மருத்துவர் குழுவின் அளவுகோல்படி 4 நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் 1.6 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் முதல் நிலை. 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை. 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை. 5-ஐத் தாண்டினால் நான்காம் நிலை. இரண்டாம் நிலையில் இருக்கும் பல பூனைகள் வருஷக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். உடம்பில் நீர்ச்சத்து வற்றிப்போனாலும் கிரியாட்டினின் ஏறும். சிறுநீர்த் தொற்று, கல் அடைப்பு இருந்தாலும் ஏறும். இவை சரிசெய்யக்கூடியவை. டிரிப்ஸ் ஏற்றி, 2-3 நாள் கழித்து மறுபடி பார்த்தால் அந்த எண் கணிசமாக இறங்கியிருக்கலாம். அதனால் பூனையின் உண்மையான நிலை, நீர்ச்சத்து சரியான பிறகு எடுக்கும் ரிப்போர்ட்டில்தான் தெரியும்.

சிகிச்சை என்றால் என்ன செய்வார்கள்?

குமட்டலை நிறுத்தும் மருந்து, பசியைத் தூண்டும் மருந்து, பாஸ்பரஸ் குறைந்த உணவு, ரத்த அழுத்தம் இருந்தால் அதற்கு மாத்திரை. ரத்த அழுத்தத்தை அலட்சியம் செய்தால் பூனைக்கு திடீரென பார்வை போகவும் வாய்ப்பு உண்டு.

நோய் முற்றும்போது, தோலுக்கு அடியில் சலைன் ஏற்றச் சொல்வார்கள். இதை டாக்டரிடம் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம். சில நிமிஷ வேலைதான். ஆனால் இதய நோய் உள்ள பூனைக்கு அதிக சலைன் ஆபத்து என்பதால், அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பத்திய உணவைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடித்தால், பிடித்ததைக் கொடுப்பதே மேல். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

எச்சரிக்கை: வலி தெரியக் கூடாது என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம். ஒரே ஒரு மாத்திரைகூட உயிரைப் பறித்துவிடும்.

பூனை கஷ்டப்படுகிறதா என்று எப்படி தெரியும்?

பூனை வலியைக் கத்திச் சொல்லாது, மறைத்துக்கொள்ளும். கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கும். உடம்பை நக்கி சுத்தம் செய்வதை நிறுத்திவிடும். கண்கள் பாதி மூடியிருக்கும், காதுகள் பக்கவாட்டில் சாயும், தலை தோளுக்குக் கீழே தொங்கும்.

அமெரிக்க கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் ஓர் அளவுகோலை உருவாக்கினார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என 7 விஷயங்கள். வலி இல்லாமல் இருந்தால், நன்றாகச் சாப்பிட்டால் அதிக மதிப்பெண் என்ற கணக்கில், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை போட வேண்டும். மொத்தம் 70-க்கு 35-க்கு மேல் இருந்தால், பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் சொல்லும் கணக்கு.

இது கடினமாகத் தெரிந்தால், ஒரு மாதக் காலண்டர் போதும். நல்ல நாளுக்கு டிக், மோசமான நாளுக்கு பெருக்கல் குறி. தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம், காலண்டரில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

"பொழைக்குமா?" என்ற கேள்விக்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்:

* இந்த சிகிச்சை நோயை நிறுத்துமா, அவதியைக் குறைக்குமா?
* எத்தனை நாளில் மாற்றம் தெரியணும்?
* அதற்குள் தெரியலைன்னா அடுத்து என்ன?
* வீட்டில் தினமும் என்ன செய்யணும், மாசம் எவ்வளவு செலவாகும்?

இதில் இரண்டாவது, மூன்றாவது கேள்விகள்தான் முக்கியம். "5 நாள் சிகிச்சை பார்ப்போம். தானாகச் சாப்பிட ஆரம்பித்தால் தொடர்வோம், இல்லையென்றால் நிறுத்துவோம்" என்று டாக்டருடன் சேர்ந்து முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. இதைப் பேசாமல் விட்டால், "இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு ஊசி" என்று நாட்கள் ஓடும். அந்த நாட்களின் வேதனை முழுக்க பூனைக்குத்தான்.

தனியார் கிளினிக் செலவு தாங்காது என்பவர்கள் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களில் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. செலவைப் பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுவதில் எந்தக் குற்றமும் இல்லை.

நிறுத்துவது என்று முடிவானால்?

சிகிச்சையை நிறுத்துவது வேறு, கைவிடுவது வேறு. வலி நிவாரணம், குமட்டல் மருந்து, மெத்தென்ற படுக்கை, எட்டும் தூரத்தில் தண்ணீர், உயரம் குறைந்த மணல் தட்டு என பராமரிப்பு கடைசி வரை தொடரும்.

அதற்கும் மேல் அவதி என்றால் கருணைக்கொலை பற்றி டாக்டர் பேசுவார். பொதுவாக முதலில் மயக்க ஊசி போடப்படும், பிறகு அதிக அளவு மயக்க மருந்து செலுத்தப்படும். பூனை நினைவிழந்த பிறகுதான் இதயம் நிற்கும். உயிர் போன பிறகும் கண்கள் திறந்தே இருக்கலாம், உடம்பு ஒருமுறை துடிக்கலாம். அது வலியால் அல்ல என்பதை முன்பே தெரிந்துகொண்டு உடன் இருப்பது நல்லது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், "தூங்க வெச்சுட்டாங்க" என்று சொல்ல வேண்டாம். அப்புறம் தூங்கவே பயப்படுவார்கள். "உடம்பு ரொம்ப முடியாம செத்துப்போச்சு" என்று உண்மையையே சொல்லலாம்.

"சீக்கிரம் முடிவெடுத்துட்டோமோ, லேட் பண்ணிட்டோமோ" என்ற கேள்வி எந்த முடிவுக்குப் பிறகும் மனசில் வரும். அப்போது அந்தக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். கடைசி வாரங்களில் டிக் எத்தனை, பெருக்கல் எத்தனை என்பது அதிலேயே இருக்கும்.